ஃப்ளூ ஊசி: போட்டுக்கொள்ளலாமா, போட்டால் எந்த மழைக்கு முன்னால்?

செங்கோட்டைப் பக்கம் வருஷத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் கொட்டுகிற தென்மேற்கு மழை நமக்குச் சாரலாக வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை நேராகவே இறங்கும். இரண்டு மழைக்கும் பின்னாலேயே வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் நிற்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் கேட்பார்: "ஃப்ளூ ஊசின்னு ஒண்ணு இருக்காமே அண்ணாச்சி, அதைப் போட்டுக்கிடலாமா?"

இதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பதில் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நீங்கள் பிழைப்புக்கு மலையைத் தாண்டி மேற்கே போகிறீர்களா, தென்காசி, திருநெல்வேலி என்று கிழக்கே போகிறீர்களா என்பதைப் பொறுத்து பதில் மாறும். அந்த ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

எது ஃப்ளூ, எது இல்லை

மூக்கு ஒழுகினாலே ஃப்ளூ என்று சொல்லிவிடுகிறோம். தடுமன் வேறு, ஃப்ளூ வேறு. தடுமனை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் உண்டு. ஃப்ளூவுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா என்ற ஒரே குடும்பத்து வைரஸ். தடுமன் மெதுவாக வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், அப்புறம் மூக்கு அடைக்கும். ஃப்ளூ சட்டென்று அடிக்கும். காலையில் நன்றாகக் கடை திறந்தவர் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டுப் போர்த்திப் படுத்துவிடுவார். காய்ச்சல் ஏறும், இடுப்பும் முழங்காலும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும், வறட்டு இருமல், தலைவலி, எழுந்து நிற்கவே சோர்வு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும், இருமலும் அசதியும் மட்டும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ இழுக்கலாம்.

வைரஸ் உள்ளே போய் 1 முதல் 4 நாட்களில் நோய் தெரியும். தொல்லை என்னவென்றால், காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அந்த ஆள் மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதனால் "காய்ச்சல்காரங்க பக்கத்துல போகாம இருந்தா போதும்" என்பது எடுபடாது. பேருந்தில் பக்கத்தில் நன்றாக உட்கார்ந்து வந்தவரே நாளைக்குப் படுத்துவிடலாம்.

முக்கியமான ஒன்று: மழைக்காலத்துக் காய்ச்சல் எல்லாவற்றையும் இந்த ஊசி தடுக்காது. மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்களில், பால் வடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைத்தண்ணீர் தேங்கும். அதில் முட்டையிடுகிற கொசு டெங்குவைக் கொண்டுவரும். சேற்றிலும் வெள்ளத்திலும் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். இவை இரண்டுக்கும் ஃப்ளூ ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. ஊசி போட்டாகிவிட்டது என்று மழைக்காலக் காய்ச்சலை அலட்சியமாக விட்டால், போட்ட ஊசியே ஒரு வகையில் கெடுதல் ஆகிவிடும்.

சரி, ஒரு வாரத்தில் போகிற நோய்க்கு ஊசி எதற்கு? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒவ்வொரு ஆண்டும் உலகம் முழுக்க சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது. அதில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் தீவிரமாகிறது. மூச்சுக் கோளாறால் மட்டும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் இறக்கிறார்கள். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள், ஒரு சிறு பங்கினர் தாங்குவதில்லை. நம் வீட்டில் அந்தச் சிறு பங்கில் விழக்கூடியவர் யாராவது இருக்கிறாரா என்பதுதான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ஏன் வருஷா வருஷம்?

போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மை ஊசியும் சின்ன வயதோடு முடிந்துவிடும். ஃப்ளூ ஊசியை மட்டும் ஏன் ஒவ்வொரு வருஷமும் போடச் சொல்கிறார்கள்? கம்பெனிக்காரன் சம்பாதிக்கத்தான் என்று டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிடலாம். காரணம் வைரஸிடமும் இருக்கிறது.

கேரள எல்லையில் இருக்கிற புளியரை சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருட்டு லாரியின் படத்தையும் நம்பரையும் முன்கூட்டியே சாவடியில் கொடுத்துவைத்தால், அந்த லாரி வந்ததும் நிறுத்திவிடுவார்கள். தடுப்பூசி செய்வது அதைத்தான். செத்த வைரஸின் துண்டுகளை உடம்புக்குக் காட்டி, இப்படி ஒன்று வந்தால் விடாதே என்று பழக்கிவிடுகிறது. உடம்பு அதற்கான எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்ய ஏறக்குறைய 2 வாரம் ஆகும். ஆனால் இந்த லாரி ஒவ்வொரு வருஷமும் பெயின்ட்டையும் நம்பர் பிளேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வரும். போன வருஷத்துப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷம் பிடிப்பது கஷ்டம். போதாததற்கு, ஊசியால் வந்த பாதுகாப்பும் மாதங்கள் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும்.

மனிதர்களிடம் சீசனுக்குச் சீசன் சுற்றுவது இன்ஃப்ளூயன்சாவின் ஏ, பி என்ற இரண்டு வகைகள். ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டும் இப்போது புழக்கத்தில் உள்ளவை. 2009ல் உலகம் முழுக்கப் பரவி, பன்றிக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் வந்து எல்லாரையும் பயமுறுத்திய எச்1என்1தான் இன்றைக்குச் சாதாரண சீசன் ஃப்ளூவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று தனி ஊசி தேடி அலைய வேண்டாம், வழக்கமான ஃப்ளூ ஊசியிலேயே அது அடக்கம்.

உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, அடுத்த சீசனுக்கான ஊசியில் எந்தெந்த வகைகளைச் சேர்க்கலாம் என்று சொல்கிறது. பிப்ரவரியில் கூடுவது பூமியின் வடபாதிக்காக, செப்டம்பரில் கூடுவது தென்பாதிக்காக. இந்த இரண்டு தேதிகளும் நம் ஊருக்கு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

கடையில் மூன்று வகைக்கான ஊசி, நான்கு வகைக்கான ஊசி என்று இரண்டு பேச்சு காதில் விழும். பி வகையில் விக்டோரியா, யமகாட்டா என்று இரண்டு கிளைகள் இருந்தன. இதில் யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கேயும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. கொரோனா காலத்து முகக்கவசமும் ஊரடங்கும் அதைத் துடைத்துவிட்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். அதனால் 2023 செப்டம்பரிலிருந்து, ஊசியில் அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஆக, நாலா மூணா என்று மெனக்கெட வேண்டாம். அந்த வருஷத்துச் சரக்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"ஊசி போட்டும் காய்ச்சல் வந்துட்டே?"

இந்தக் கேள்வியை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் போன சாரலுக்குப் பிறகு இப்படித்தான் நின்றார். "ரூவா குடுத்துப் போட்டேன் அண்ணாச்சி. பொறவும் காய்ச்சல் வந்து அஞ்சு நாள் கெடந்தேன். எதுக்கு இந்த ஊசி?"

அவருக்கு வந்தது ஃப்ளூதானா என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. வேறு வைரஸாக இருந்திருக்கலாம். ஃப்ளூவாகவே இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. இந்த ஊசி முழுப் பாதுகாப்பு தருகிற ஊசி அல்ல. சுற்றுகிற வைரஸும் ஊசியில் உள்ள வைரஸும் நன்றாகப் பொருந்துகிற வருஷங்களில், ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போக வேண்டிய நிலைமையை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருந்தாத வருஷத்தில் அதற்கும் கீழே இறங்கும்.

இந்தச் சதவீதத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு தெருவில் 100 பேர், யாருமே ஊசி போடாவிட்டால் அந்த சீசனில் 10 பேருக்கு ஃப்ளூ வரும் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரும் போட்டிருந்தால் அந்தப் 10 பேர் 4 முதல் 6 பேராகக் குறைவார்கள். மற்ற 90 பேருக்கு எப்படியும் வந்திருக்காது. ஆரோக்கியமான ஒருவருக்கு இது பெரிய லாபமாகத் தெரியாது, நியாயம்தான். ஆனால் வருகிற அந்த 4 முதல் 6 பேரிலும் நோய் முற்றி ஐ.சி.யு. வரை போவது ஊசி போட்டவர்களிடம் குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. ஊசியின் மதிப்பே எனக்குத் தெரிந்து அங்கேதான். தும்மல் வராமல் இருக்க இதைப் போடுவதாக இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யாருக்குக் கட்டாயம் யோசிக்க வேண்டும்

சர்க்கரை, இதயக் கோளாறு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலும் ஏறத்தாழ இவர்களே இருக்கிறார்கள். பட்டியலாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு மூன்று பேரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில் இதயக்காரர்கள். ஃப்ளூ என்றால் நெஞ்சுச் சளி, அது நுரையீரல் விஷயம் என்றுதான் நினைக்கிறோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018ல் வெளியான ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் சுமார் 6 மடங்கு இருந்தது. காய்ச்சலில் உடம்பு முழுக்க அழற்சி கூடும், ரத்தம் உறையும் தன்மை கூடும், இதயத்துக்கு வேலை கூடும். ஏற்கெனவே அடைப்பு உள்ள குழாய் அந்த நேரத்தில் மக்கர் பண்ணுகிறது. இதற்கு மறுபக்கமாக, மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு அங்கேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2021ல் வந்தது. அடுத்த 12 மாதங்களில் இறப்போ, மறுபடி மாரடைப்போ, ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க வைக்கிற சின்ன வலைக்குழாய்) அடைத்துக்கொள்வதோ ஊசி போடாதவர்களில் 7.2 சதவீதம் பேருக்கு நடந்தது, போட்டவர்களில் 5.3 சதவீதம் பேருக்கு. ஸ்டென்ட் வைத்த ஒருவர் வீட்டில் இருந்தால், அடுத்த தடவை இதய டாக்டரிடம் போகும்போது ஃப்ளூ ஊசி பற்றி நீங்களாகவே கேளுங்கள். அந்த அவசரத்தில் டாக்டருக்கு ஞாபகம் வராமல் போகலாம்.

அடுத்து கர்ப்பிணிகள். ஊசியே வேண்டாம் என்று வீட்டார் கைநீட்டித் தடுப்பது பெரும்பாலும் இவர்கள் விஷயத்தில்தான். "வயித்துல பிள்ளை இருக்கும்போது எதுக்கு வம்பு" என்று ஆச்சி சொல்வது அக்கறையில் சொல்வது. ஆனால் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. கர்ப்ப காலத்தில் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே வேலை அதிகம், அந்த நேரத்தில் ஃப்ளூ வந்தால் முற்றிவிடும் வாய்ப்பும் அதிகம். செத்த வைரஸால் செய்த ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். இதில் பிள்ளைக்கும் பங்கு உண்டு. 6 மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடவே முடியாது, தாயிடமிருந்து போகிற எதிர்ப்புச் சக்தி ஒன்றுதான் அதற்குக் கவசம். வங்கதேசத்தில் நடந்து 2008ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு ஊசியில் இரண்டு பேர். மூக்கில் விடுகிற உயிர் வைரஸ் மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, 6 மாதத்திலிருந்து 5 வயது வரை ஆண்டுதோறும் போடலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. முதல் தடவை போடுகிற சின்னப் பிள்ளைக்கு 4 வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். உடம்பு அந்த வைரஸை முன்பின் பார்த்ததில்லை என்பதால் ஒன்றில் பாடம் ஏறாது. பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள், அது அரைகுறை. அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று போதும்.

முப்பது வயது, சர்க்கரை இல்லை, வீட்டில் பெரியவர்களோ கைக்குழந்தையோ இல்லை, வேலையும் ஆஸ்பத்திரியில் இல்லை என்கிறவருக்கு? போட்டால் நல்லது, போடாவிட்டால் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே முப்பது வயதுக்காரர் தினமும் ஆரியங்காவு வழியாகப் பேருந்தில் போய்வந்து, ராத்திரி சர்க்கரையும் இருமலும் உள்ள அப்பா பக்கத்தில் படுக்கிறார் என்றால் கணக்கு வேறு. நோயை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் அவர்தான்.

எந்த மழைக்கு முன்னால்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் அக்டோபரில் போடு என்று இருக்கும். அது பனி கொட்டுகிற ஊருக்கான கணக்கு. இந்தியாவிலேயே இது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஸ்ரீநகர், டெல்லி, ஆலப்புழை, சென்னை, வேலூர் என்று பல ஊர்களில் ஃப்ளூ எப்போது உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. ஸ்ரீநகரில் குளிர்கால மாதங்களில் உச்சம். ஆலப்புழையில் தென்மேற்கு மழையை ஒட்டி. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்கு மழையை ஒட்டி. ஒரே நாடு, மூன்று காலண்டர்.

நாமோ நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். இன்றைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மலைக்கு இரு பக்கமும் நடக்கிறது. என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது புனலூரில். ஆனியில் அங்கே காய்ச்சல் சீசன் தொடங்கினால் அடுத்த வாரமே அது ரயிலேறி இங்கே வந்துவிடும். ஐப்பசியில் தென்காசிப் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் போகும்.

அதனால் நான் சொல்வது இதுதான். உங்கள் போக்குவரத்து மேற்கே அதிகம் என்றால் சித்திரை, வைகாசியில், அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிக்குள் போட்டுவிடுங்கள். குற்றாலம் சீசன் தொடங்கி ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம் நிறையும் முன் உடம்பு தயாராகிவிடும். எல்லாமே கிழக்கே என்றால் புரட்டாசி, செப்டம்பர் கடைசி வாக்கில் போடலாம். இரண்டு பக்கமும் உண்டு, வருஷத்துக்கு ஒன்றுதான் போட முடியும் என்றால் நான் வைகாசியைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் நமக்கு முதலில் வருகிற மழை அது. வைகாசியைத் தவறவிட்டவர்கள் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டியதில்லை, புரட்டாசி வரை கதவு திறந்தே இருக்கிறது. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிற வயதானவர்கள், நெரிசலில் நிற்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது ஊசியை முடித்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் அந்த பிப்ரவரி, செப்டம்பர் கணக்கு வருகிறது. செப்டம்பரில் முடிவு செய்த தென்பாதி ஊசி அடுத்த கோடைக்கு முன்னால் கடைக்கு வரும். பிப்ரவரியில் முடிவு செய்த வடபாதி ஊசி அந்த ஆண்டு மழைக்காலத்தின் பிற்பகுதியில் வரும். ஏப்ரல், மே மாதத்தில் கடைக்காரர் போன வருஷத்து வடபாதிச் சரக்கை எடுத்து நீட்டினால், காலாவதி தேதி இன்னும் இருந்தாலும், "புதுசு வந்திருக்கா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டைப்பெட்டியிலேயே எந்தப் பாதி, எந்த ஆண்டு என்று அச்சடித்திருப்பார்கள்.

பயங்கள்

ஊசியாலேயே ஃப்ளூ வருமா? கையில் போடுகிற ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் நோய் வராது. போட்ட இடம் ஓரிரு நாள் வலிக்கும், லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் சிலருக்கு வரும். பாராசிட்டமாலுக்கே அடங்கிவிடும்.

முட்டை ஒத்துக்கொள்ளாது என்கிறவர்கள் கேட்பதுண்டு, ஏனென்றால் பல ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸை வளர்ப்பது கோழிமுட்டையில்தான். இப்போதைய அமெரிக்க வழிகாட்டுதலில் முட்டை ஒவ்வாமைக்காரர்களுக்கென்று தனிக் கட்டுப்பாடு இல்லை. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, போட்டபின் கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அது எந்த ஊசிக்கும் நல்ல பழக்கம்.

கை கால் வலுவிழக்கும் கில்லன் பாரே நோய் பற்றிச் சிலர் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அது முழுப் பொய் இல்லை. 1976ல் அமெரிக்காவில் அவசர அவசரமாகப் போட்ட பன்றிக் காய்ச்சல் ஊசியில், ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அது கூடுதலாக வந்தது. இப்போதைய ஊசிகளில் அப்படி ஏதாவது கூடினாலும் 10 லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவுதான். ஃப்ளூ நோயாலும் அதே கோளாறு வரும் என்பதை அந்தச் செய்தியில் எழுத மாட்டார்கள். முன்பு இந்த நோய் வந்தவர்கள், முந்தைய ஃப்ளூ ஊசிக்கு மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமை வந்தவர்கள், இவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. கடும் காய்ச்சலில் இருக்கும்போது யாருமே போட வேண்டாம், தணிந்தபின் போடலாம்.

சுக்கு மல்லிக் காப்பி? தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதம். வைரஸை அது நிறுத்தாது.

காசும் ஐஸ் பெட்டியும்

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் போட வேண்டும். பிராண்டைப் பொறுத்து ஆயிரம் ரூபாய்க்கு மேல், சிலது இரண்டாயிரத்தை ஒட்டி. கர்ப்பிணிகளும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியரிடம் இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போவது புத்திசாலித்தனம்.

சின்ன ஊர்களில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், நாமே மெடிக்கலில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். வெயிலில் சூடானாலும் கெடும், உறைந்துவிட்டாலும் கெடும். இரண்டாவது பலருக்குத் தெரியாது. கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்து நிரப்பிய சிரிஞ்சுப் பெட்டியை எடுப்பார். தெர்மாக்கோல் டப்பாவில் ஐஸ் பாக்கெட்டை வைத்து, அதன்மேலேயே பெட்டியை வைக்கப் போனால் தடுத்துவிடுங்கள். நடுவில் இரண்டு மடிப்பு நியூஸ் பேப்பரோ துணியோ வைத்துத் தரச் சொல்லுங்கள். ஐஸில் ஒட்டிக்கொண்டு போன மருந்து உறைந்து, பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருந்தாலும் வேலைக்கு ஆகாது. வழியில் சொந்தக்காரர் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம், கதவு திறந்து மூடுவதிலும் கரன்ட் கட்டிலும் அந்தக் குளிர் நிலையாக நிற்காது. ஊசி போடுகிற ஆஸ்பத்திரியே மருந்தையும் வைத்திருந்தால் ஐம்பது, நூறு கூடுதலானாலும் அதுவே மேல்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஊசியால் போட்டு, தேய்க்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். பி.பி., சர்க்கரை மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம்.

போட்டாலும் போடாவிட்டாலும்

காய்ச்சலோடு மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயக்கம், பேச்சில் குழப்பம், உதடு நீலம் பாய்தல், சளியில் ரத்தம், விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுதல், குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல், இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். எல்லாருக்கும் அது தேவையில்லை, ஆனால் மேலே சொன்ன சர்க்கரைக்காரர், இதயக்காரர், கர்ப்பிணி ஆகியோர் இரண்டாம் நாளே டாக்டரைப் பார்த்தால்தான் அந்த வாய்ப்பு கிடைக்கும். கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கடைசியாக, நாலைந்து பேர் இருக்கிற வீட்டில் இந்த மாதம் ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது, யாருக்குப் போடுவது என்று கேட்பவர்களுக்கு. கர்ப்பிணி இருந்தால் அவருக்கு. இல்லையென்றால் ஸ்டென்ட் வைத்த, சர்க்கரை உள்ள பெரியவருக்கு. அப்படி யாரும் இல்லாமல் 6 மாதம் ஆகாத குழந்தை இருந்தால், அதைத் தூக்கி வைத்துக்கொள்கிற தாய்க்கு. அடுத்த மாதம் காசு வந்ததும், தினமும் பேருந்தேறி வேலைக்குப் போகிறவருக்கு.